புடாபெஸ்டில் நம் கடைசிப் பகல்

மாமா,

இன்று காலை எங்கள் தெருவில் போர்வெல் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரரின் பழைய போர் போன கோடையிலேயே வற்றிவிட்டது. துளை போடும் ரிக் வண்டி விடிவதற்கு முன்பே வந்து நின்று இரையத் தொடங்கியது. சாம்பல் நிறக் கல்மாவு பறந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளையும் காயப்போட்டிருந்த துணிகளையும் ஒரே நிறமாக்கிவிட்டது. நான் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கலங்கலான முதல் தண்ணீர். அதில் ஒரு வாசனை இருந்தது. ஈரக் கல்லும் லேசான கந்தகமுமாக, வெகுகாலம் பூமிக்குள் அடைபட்டுக் கிடந்தது வெளியே வரும்போது அடிக்கிற வாசனை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இறந்தவர்களுக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. மாடுகளுக்கு மருந்துச் சீட்டு எழுதுவதோடு என் எழுத்து முடிந்துவிடுகிறது. ஆனால் புடாபெஸ்ட் நகரத்தில் நாம் இருவரும் சுற்றிய அந்தக் கடைசிப் பகலை அறிந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். அதை உங்களிடமே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அந்தப் பயணம் உங்கள் யோசனை. உங்களுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்காக. பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் பம்பு பட்டறை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர மூடிக் கிடந்து யாரும் பார்த்ததில்லை. அதை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு, உங்கள் ஒரே மகள் சுகன்யாவையும் மருமகனான என்னையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பா பார்க்கப் புறப்பட்டீர்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழுவாகப் போனோம். பஸ், கோட்டை, தேவாலயம், மறுபடியும் பஸ். பத்து நாள் பயணத்தில் கடைசி ஊர் புடாபெஸ்ட்.

உங்களுக்குத் தெரியாது என்று நானும் சுகன்யாவும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருந்தது. பயணத்துக்கு எல்லாம் தயாரான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுக்காமல் உட்கார்ந்து, இனிமேல் சேர்ந்து வாழ வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். யார் முதலில் சொன்னது என்று இப்போது நினைவில்லை. எனக்குத் தாராபுரம் பக்கம் கால்நடை மருத்துவர் வேலை, அவளுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. வார இறுதியில் மட்டும் சந்தித்துக்கொண்ட எட்டு வருடங்கள். பெரிய சண்டை ஒன்றும் நடந்ததில்லை. மூன்றாம் மனிதர் யாரும் இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறும்போது எனக்கும், கதவைத் திறக்கும்போது அவளுக்கும் ஒரு அலுப்பு வந்திருந்தது, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் இவ்வளவு ஆசையாக இருக்கிறார்கள், போய் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதுவரை எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் நன்றாகவே நடித்ததாக நினைத்தேன். அவள் பையை நான் தூக்கினேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை அவள் விட்டுக் கொடுத்தாள். அத்தை யாரிடமோ போனில், ரெண்டும் எப்பவும் சேந்தேதான் நடக்குதுங்க என்று பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன்.

கடைசி நாள் குழுவுக்கு ஓய்வு. அவரவர் இஷ்டம்போல் சுற்றிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து டான்யூப் நதியில் படகில் போவதாக ஏற்பாடு. அத்தைக்கும் சுகன்யாவுக்கும் ஊருக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. இரும்புத் தூண்கள் போட்ட பெரிய சந்தைக் கட்டடம் ஒன்றுக்குப் போனார்கள். மிளகாய்த்தூளை அங்கே தங்கம்போலக் கட்டி விற்கிறார்கள். அத்தை ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறந்தான் இருக்கு, காரத்தைக் காணோம் என்று சொன்னதாகப் பிற்பாடு சுகன்யா சொன்னாள். ஆக, நாம் இருவரும் மிஞ்சினோம்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. எட்டு வருடத்தில் நாம் தனியாகப் பேசியது என்ன? வாங்க மாப்ள, சாப்டீங்களா மாப்ள, மழை உண்டுங்களா அந்தப் பக்கம். நான் ஆமாங்க மாமா, இல்லீங்க மாமா. நமக்குள் மரியாதை நிறைய இருந்தது. பேச்சுதான் இருந்ததில்லை. ஒரு பகல் முழுவதையும் எதைப் பேசி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டே ஹோட்டல் வாசலில் உங்களுக்காக நின்றேன். நீங்கள் வெள்ளைச் சட்டைமேல் ஸ்வெட்டரும் காலில் புது ஷூவுமாக வந்து, போலாமுங்களா என்றீர்கள்.

ஆற்றோரமாக ஓடும் டிராமில் ஏறினோம். சங்கிலிகளில் தொங்கும் பழைய பாலத்தை நடந்து கடந்தோம். இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். வந்தவர்கள் எல்லோரும் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் குனிந்து இரும்புச் சட்டங்களை இணைத்த ஆணிகளைத் தடவிப் பார்த்தீர்கள். மேலே மலையில் அரண்மனை. அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிந்தது. எனக்கு அழகாக இருந்தது. நீங்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இத்தனை தண்ணி சும்மா போகுது பாருங்க என்று மட்டும் சொன்னீர்கள்.

மலையிலிருந்து இறங்கி, ஆற்றைத் திரும்பத் தாண்டி, தெருவுக்குச் சற்றே கீழே ஓடுகிற பழைய மஞ்சள் ரயிலில் ஏறினோம். அது ஒரு பூங்காவில் கொண்டுபோய் விட்டது. மரங்களுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் அரண்மனைபோல ஒரு கட்டடம். மதிலுக்கு மேலே வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. உங்கள் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. "ஏனுங்க மாப்ள, இது போர்த் தண்ணி வாசமாட்ட இருக்குதுங்களே" என்றீர்கள்.

வாசலில் இருந்த பலகையைப் படித்துச் சொன்னேன். அது பொதுக் குளியல் இடம். பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து சுடுதண்ணீர் தானாக மேலே வருகிறது. ஆழம் எவ்வளவு என்று கேட்டீர்கள். ஆயிரம் மீட்டருக்கும் மேல் என்றேன். அன்னூரிலும் பல்லடத்திலும் ஆயிரம் அடி போட்டும் புழுதி கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து மோட்டார் விற்ற மனிதர் நீங்கள். பலகையின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றீர்கள். மோட்டாரே இல்லாமலா என்று இரண்டு முறை கேட்டீர்கள். பிறகு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றீர்கள்.

குளிப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று டிக்கெட் கொடுக்கிற பெண் சொல்லிவிட்டாள். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். "அப்ப குளிச்சுப் போடலாம்" என்றீர்கள். பக்கத்துக் கடையிலேயே நீச்சல் டிரவுசர்கள் வாங்கினோம். உங்களுக்குக் கிடைத்ததில் பெரிய பெரிய மஞ்சள் பூக்கள். அதைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள்.

உங்களைச் சட்டையில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். தோளில் இரும்புக் குழம்பு தெறித்த பழைய தழும்பு இருந்தது. கோயம்புத்தூர் ஜில்லாவில் மாமனாரும் மருமகனும் அந்தக் கோலத்தில் எதிரெதிரே நின்றிருக்க வாய்ப்பில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேகவேகமாக நடந்து தண்ணீருக்குள் இறங்கினோம். வெளியே குளிர், உள்ளே இதமான சூடு. கழுத்தளவு தண்ணீருக்குள் போனதும் வெட்கம் போய்விட்டது. நீங்கள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தீர்கள். சுவரில் சிங்க முகத்தின் வாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடத்தில் கையை வைத்து அழுத்தம் பார்த்தீர்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குளத்தின் ஓரத்தில் நாலைந்து கிழவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை கரைக்கல்லின் மேல். யாரும் பேசவில்லை. நாமும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். ஆட்டம் உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு காய் நகர்த்தலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டீர்கள்.

"மாப்ள, நீங்களும் அம்மணியும் பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

 பொய் சொல்லிவிடலாம். சுகன்யாவுக்குக் கொடுத்த வார்த்தையும் அதுதான். எப்படிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டு நேரம் கடத்தப் பார்த்தேன். கோபமாகவோ வருத்தமாகவோ இல்லை உங்கள் குரல். ஓடாத மோட்டாரில் எந்தக் கம்பிச்சுருள் எரிந்துபோனது என்று விளக்குவதுபோலச் சொன்னீர்கள்.

"பத்து நாளாப் பாத்துட்டுதான் வாரேன். அவ தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தா நீங்க தேங்க்ஸ்ங்கறீங்க. நீங்க கதவத் தொறந்து உட்டா அவ தேங்க்ஸ்ங்கறா. கட்டுன பொண்டாட்டிக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்லுவாங்களா? நானும் உங்க அத்தையும் காலையில இருந்து மூணு சண்டை போட்டாச்சு."

அதற்குமேல் மறைப்பது உங்களை அவமதிப்பதாகும் என்று பட்டது. ஆமாங்க மாமா என்றேன்.

 ஒரு கிழவர் தன் குதிரையை எடுத்து, யோசித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். இன்னொருவர் ஆட்சேபித்தார். அவர்கள் சமாதானமாகிற வரை நீங்கள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டீர்கள். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. நான் வேறு பக்கம் பார்த்தேன். எந்த மிருகத்துக்கும் வலிக்கும்போது முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது என் தொழிலில் நான் கற்றது.

பிறகு நீங்கள் பேசினீர்கள். யார்மேல் தப்பு என்று கேட்க மாட்டேன், கேட்டால் இரண்டு பேரும் தன்மேல்தான் என்பீர்கள், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றீர்கள். அம்மணிக்கு இது பாரமா, உங்களுக்கு இது பாரமா என்று மட்டும் கேட்டீர்கள். இருவருக்கும் சேர்ந்திருப்பதுதான் பாரம் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. தலையை ஆட்டினீர்கள். அத்தையிடம் ஊருக்குப் போய் நானே சொல்லிக்கொள்கிறேன், இன்றைக்கு ஒரு நாள் அவள் கப்பலில் போக ஆசைப்பட்டிருக்கிறாள், அது நல்லபடியாக முடியட்டும் என்றீர்கள்.

கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்ட பிறகு, படியில் நின்று ஒன்று சொன்னீர்கள். அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஊருக்குப் போனா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. பேசட்டும். நான் உங்கள மாப்ளன்னுதானுங்க கூப்புடுவேன். வேற பேரு என் வாயில வராது."

சரிங்க மாமா என்றேன். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. பூங்கா வாசலில் ஒரு தள்ளுவண்டியில் சர்க்கரை தூவிய, சுருள் சுருளான ரொட்டி ஒன்றை வாங்கிப் பிய்த்துத் தின்றோம். நம் ஊரில் எண்ணெயில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னீர்கள்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும், லிப்டில் சுகன்யாவிடம் சொன்னேன். உங்கப்பா கேட்டுவிட்டார், நான் மறைக்கவில்லை என்று. அவள் மேலே மாறிக்கொண்டிருந்த மாடி எண்களையே பார்த்தாள். கதவு திறந்தும் வெளியே போகவில்லை. "நான்தாங்க சொல்லியிருக்கோணும்" என்றாள். கதவு மறுபடியும் மூடி லிப்ட் கீழே இறங்கத் தொடங்கியது. நாங்கள் இருவரும் அதிலேயே கீழே போய்த் திரும்ப மேலே வந்தோம். அந்த எட்டு வருடத்தில் நாங்கள் மிக நெருக்கமாக இருந்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாயங்காலப் படகு அத்தை நினைத்ததைவிட அழகாக இருந்தது. இரண்டு கரைகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அத்தை பட்டுப்புடவைமேல் உங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கைப்பிடிக் கம்பியை விடாமல் நின்றாள். நீங்கள் ஒரு வெள்ளைக்காரரிடம் போனைக் கொடுத்து நம் நால்வரையும் படம் எடுக்கச் சொன்னீர்கள். எனக்கும் சுகன்யாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. மாப்ள, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க என்றாள் அத்தை. நாங்கள் நகர்வதற்கு முன்னால் நீங்கள் இருக்கட்டும், அப்படியே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அத்தை உங்களைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் அவள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

ஊருக்கு வந்த பிறகு எல்லாம் நடக்கிறபடி நடந்தது. பேசிச் சேர்த்து வைக்கிறோம் என்று வந்த சொந்தக்காரர்களுக்குக் காபி கொடுத்து, ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சவங்க, பேசி முடிச்சாச்சுங்க என்று நீங்கள் அனுப்பி வைத்ததை சுகன்யா சொல்லித்தான் அறிந்தேன். கோர்ட்டில் தீர்ப்பான அன்று நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வந்து வெளியே காத்திருந்தீர்கள். எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஓட்டலுக்குப் போனீர்கள். மூவரும் சாப்பிட்டோம். இலையில் எனக்கு ரசம் ஊற்றச் சொல்லி நீங்கள் சர்வரை இரண்டு முறை கூப்பிட்டீர்கள். அதன்பின் சுகன்யா பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். நன்றாக இருக்கிறாள்.

எனக்கு உங்கள் போன் வருவது நிற்கவில்லை. மாப்ள, பக்கத்துத் தோட்டத்துக்காரரு எருமை தீனி எடுக்கலையாமுங்க. மாப்ள, கன்னுக்குட்டி கழியுதாம், என்ன குடுக்கலாமுங்க. உங்களுக்குத் தோட்டமும் இல்லை, மாடும் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளுக்கு நடுவில் அத்தனை எருமைகள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டதில்லை. மருந்து சொல்வேன். பிறகு மழை உண்டுங்களா என்று கேட்பீர்கள். உண்டு, இல்லை என்று சொல்வேன். கடைசி வரை அவ்வளவுதான் நம் பேச்சு. அது குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

நீங்கள் இறந்த செய்தியை சுகன்யாதான் போனில் சொன்னாள். அப்பா போயிட்டாருங்க, நீங்க வாங்க என்றாள். வந்தேன். பந்தலுக்கு வெளியே, பட்டறைத் தொழிலாளர்களோடு நின்றுகொண்டேன். எனக்கு எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் கும்பிட்டார்கள். தூக்குகிற நேரம் வந்தபோது அத்தை உள்ளேயிருந்து எழுந்து வந்து, மாப்ளய முன்னால வரச் சொல்லுங்க என்றாள். உங்கள் சித்தப்பா மகன் தயங்கினார். அவரு இப்ப முறையில இல்லீங்களே அண்ணி என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தை குரலை உயர்த்தவில்லை. "எங்கூட்டுக்காரரு கடைசி வரைக்கும் அவர மாப்ளன்னுதானுங்க கூப்புட்டாரு. எனக்கு வேற முற தெரியாது" என்றாள்.

முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்தேன். நீங்கள் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தீர்கள். தெரு முனையில் வண்டியில் ஏற்றும் வரை யாரும் என்னிடம் தோள் மாற்றிக்கொள்ளக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அத்தையிடம் சொல்லிக்கொண்டு தாராபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. பல்லடம் தாண்டியதும் தூங்கிப்போனேன்.

இப்போது அந்த எருமைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலை எப்போதும்போலத்தான். நம் பக்கத்து ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சினைமாட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட டாக்டரின் ஊர் எது, உறவு யார் என்று விசாரிக்காமல் விட மாட்டார்கள். போன வாரம் மூலனூர் பக்கம் ஒரு தோட்டத்தில், கன்று நல்லபடியாக வெளியே வந்து விழுந்த பிறகு, சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்த ஒரு அம்மா கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரு, உங்க மாமனாரூடு எந்தூருங்க?"

பெரியநாயக்கன்பாளையமுங்க என்றேன். அப்படீங்களா என்றாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டேன்.